மதுரை வெயிலில் உபரி டயர்களைப் பாதுகாப்பது எப்படி?

மதுரையில் பெரும்பாலான வீடுகளில், வண்டியிலிருந்து கழற்றிய டயர் மொட்டை மாடிக்கோ தகரக் கொட்டகைக்கோதான் போய்ச் சேருகிறது. கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் இந்த ஊரில், டயருக்கு இவற்றைவிடப் பொருந்தாத இடம் வேறில்லை. ஓடாத டயர் தேயாது என்பதால் கெடவும் செய்யாது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ரப்பரோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். வெப்பமும் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்த முதிர்ச்சியை விரைவுபடுத்தும். தயாரிக்கும்போதே ரப்பரில் கலக்கப்படும் ஒருவகை மெழுகு, டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஓசோனைத் தடுக்கிறது. சும்மா கிடக்கும் டயரில் அந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. ஆகவே ஓடும் டயரைவிட ஓடாத டயருக்குத்தான் நம் கவனிப்பு அதிகம் தேவை.

எடுத்து வைக்கும் முன், அது வைக்கத் தகுந்த டயர்தானா என்று பாருங்கள். பக்கச்சுவரில் DOT (டாட்) என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த தேதியைச் சொல்லும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பிறகு பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்து, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சமமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள், வளைக்கும்போது வாய் திறந்து காட்டிக்கொடுக்கும். அப்படி வெடிப்பு விட்டதையும், காரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததையும் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

தேறிய டயரைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, பட்டன் இடுக்குகளில் சிக்கிய கற்களைக் குத்தி எடுத்து, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். பளபளப்புக்காகப் பாலிஷோ எண்ணெயோ பூசவே வேண்டாம். பெட்ரோலியம் கலந்த பூச்சுகள் ரப்பரைக் கெடுக்கும். எந்தச் சக்கரத்தில் ஓடியது என்பதைச் சாக்பீஸால் எழுதிவிட்டு, தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி இறுகக் கட்டுங்கள். பையில் கட்டிய டயரை வெயிலில் வைத்தால் உள்ளே சூடு ஏறித் தங்கிவிடும் என்பதால், இந்த முறை வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டுமே உரியது.

வீட்டுக்குள் என்றதும் மாடிப்படிக்கு அடியிலுள்ள இடம்தான் நினைவுக்கு வரும். இருட்டும் குளுமையும் உள்ள நல்ல இடம்தான். ஆனால் நம் வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தண்ணீர் மோட்டாரும் அங்கேதான் குடியிருக்கின்றன. மோட்டார், வெல்டிங் இயந்திரம், பேட்டரி சார்ஜர் போன்றவற்றின் அருகில் ஓசோன் உண்டாகக்கூடும் என்பதால், டயரை அவற்றிலிருந்து விலக்கி வேறு அறையில் வைப்பதே மேல். மேற்கு வெயில் அடிக்கும் சுவரையும், பெட்ரோல் கேன், பெயிண்ட், தின்னர் இருக்கும் மூலையையும் தவிர்த்துவிடுங்கள். தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

ரிம்மோடு இருக்கும் டயரை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், கொக்கியில் தொங்கவும் விடலாம். ரிம் இல்லாத டயரைத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் உருவைக் கோணலாக்கிவிடும். அதை நிமிர்த்தி நிற்க வைத்து, மாதம் ஒருமுறை கால் சுற்று உருட்டி வையுங்கள். தனியாகக் கழற்றிய ட்யூபுக்கு டால்கம் பவுடர் தூவி, கூரிய மடிப்பு விழாமல் வைத்தால் போதும்.

வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நெல் வயலில் டிராக்டரை இறக்குவதற்காக ரப்பர் டயரைக் கழற்றிவிட்டுக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறவர்களுக்கு, கழற்றிய டயரை வீட்டுக்குள் கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை. அவர்கள் கூரை நிழலில் பலகைமேல் நிறுத்தி, மழை நீர் உள்ளே இறங்காதபடி தார்ப்பாய் போர்த்தி, பக்கவாட்டில் காற்றோட்டம் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டயருக்குள் தேங்கும் கையளவு தண்ணீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். அதன் முட்டைகள் ஈரம் காய்ந்தாலும் பல மாதங்கள் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவதோடு நிறுத்தாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியும் உபரி டயர்தான். மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் மற்ற நான்குக்கும் காற்றுப் பார்க்கும்போது அதையும் பாருங்கள். பட்டன் புதிதாகவே இருந்தாலும், பத்து ஆண்டைக் கடந்த டயரை மாற்றிவிடும்படி டயர் நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. அந்தக் கணக்கு ஸ்டெப்னிக்கும் பொருந்தும்.