குட்டி பெப்டைடு நரம்பு செல்லைக் காக்கிறதா? ஏமாறாமல் சோதிக்கும் வழி

நான்கு, ஐந்து அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) கையில் இருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில், அதாவது பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகித் தாக்கும் நிலையில், மாட்டிய நரம்பு செல்லை அது காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகச் செய்வது என்னவென்றால், செல்லில் பெப்டைடைப் போட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, மறுநாள் எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயத்தை வைத்து அளக்கும் சோதனை) எடுப்பார்கள், வரைபடத்தில் பட்டை உயர்ந்திருந்தால் 'காக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பெப்டைடு செல்லுக்கு உதவியதா, இல்லை செல்லைத் தொடும் முன்பே பெராக்சைடை அழித்துவிட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. சோதனையையே இதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும்.

முதலில் பெப்டைடு. 95 சதவீதத் தூய்மை என்று சான்றிதழில் இருக்கும், ஆனால் அந்த எண் மற்ற பெப்டைடு கலப்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. குப்பியில் உள்ள தூளில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும், அதனால் நிகர பெப்டைடு அளவைக் கேட்டு வாங்கி அதை வைத்து மோலார் (செறிவு) கணக்குப் போடுங்கள். தயாரிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலமும் செல்லைப் பாதிக்கலாம், முடிந்தால் அசிடேட் உப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்புறம், அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த இன்னொரு பெப்டைடையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி காப்பாற்றினால், உங்கள் வரிசைக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

செல்லுக்குப் பெரும்பாலும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் எடுப்பார்கள். மலிவு, வேகமாக வளரும், ஆனால் இது நரம்புப் புற்றுநோயிலிருந்து வந்த செல்வரிசை, பிரிந்துகொண்டே இருக்கும். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து நரம்பு செல் போல மாற்றிப் பார்ப்பது நல்லது. செல் வளர்ப்பில் தெரியாமல் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அழுத்தத்தின் அளவில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பெராக்சைடு நூறு மைக்ரோமோலாரிலிருந்து சில நூறு வரை பல அளவுகளில் போட்டு, ஏறக்குறைய பாதி செல் சாகும் அளவைக் கண்டுபிடியுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், ஏனென்றால் பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதை அழித்துவிடும், நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் செல்லுக்குப் போய்ச் சேருவது குறைவாகத்தான் இருக்கும். செல் அடர்த்தி கூடினாலும் இதே கதைதான், செல்களே பெராக்சைடை உடைக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் விதைக்க வேண்டும். குப்பியில் உள்ள பெராக்சைடும் நாளாக ஆகச் சிதையும், 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

இனி முக்கியமான இரண்டு சோதனைகள். ஒன்று, செல்லே இல்லாத பிளேட் குழியில் ஊடகம், பெப்டைடு, பெராக்சைடு மூன்றையும் சேர்த்து, 37 டிகிரியில் அதே நேரம் வைத்து, மிச்சமிருக்கும் பெராக்சைடை அளப்பது. சிஸ்டைன் உள்ள பெப்டைடு என்றால் இது கட்டாயம், அதன் கந்தகத் தொகுதி தானாகவே வினைபுரியும். இரண்டு, பெப்டைடைச் சில மணி நேரம் கொடுத்து, நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, பிறகு பெராக்சைடு சேர்ப்பது. கழுவிய பிறகும் பாதுகாப்பு நிலைத்தால், செல்லுக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று பேசலாம். கழுவியதும் பலன் மறைந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

எம்டிடியை மட்டும் நம்பாதீர்கள். அது செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறது, சாவை அல்ல, போதாக்குறைக்கு தயோல் (சிஸ்டைனில் உள்ள அந்தக் கந்தகத் தொகுதி) உள்ள பெப்டைடு செல் இல்லாமலேயே அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். கூடவே சவ்வு கிழிந்த செல்லிலிருந்து வெளியே வரும் எல்டிஎச் நொதியின் கசிவை அளங்கள், இல்லையென்றால் அப்படிக் கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் ஏறிய செல்களை எண்ணுங்கள். ஒரே பிளேட்டில் உள்ள ஆறு குழிகள் ஆறு சோதனைகள் ஆகாது, வெவ்வேறு நாளில் புதிதாக விதைத்துச் செய்ததுதான் தனிச் சோதனை.

இதெல்லாம் தாண்டினால் எலிக் குட்டியின் மூளையிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மை நரம்பு செல்லுக்குப் போகலாம். அதற்கு முன் பெப்டைடைச் சீரத்தில் வைத்து எத்தனை நிமிடம் உடையாமல் இருக்கிறது என்று எச்பிஎல்சியில் (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) பார்த்துவிடுங்கள். இது ஏன் தேவை என்பதற்கு ஒரு உதாரணம்: நெரினெடைடு என்ற 20 அமினோ அமிலப் பெப்டைடு விலங்குகளில் நன்றாக வேலை செய்தது, பக்கவாத நோயாளிகளிடம் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு 2020இல் வந்தபோது ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் பெற்றவர்களின் இரத்தத்தில் அதன் அளவே குறைந்திருந்தது. ஆல்டெப்ளேஸ் தூண்டிவிடும் பிளாஸ்மின் என்ற நொதி அதை வெட்டும். உங்கள் பெப்டைடை எந்த நொதி வெட்டும் என்பதை இப்போதே தேடிப் பார்த்துவிட்டால், வெட்டுப்படும் இடத்தில் டி-வகை அமினோ அமிலத்தை (இயல்பான வடிவத்தின் கண்ணாடி பிம்பம், நொதி எளிதில் வெட்டாது) வைத்து மாற்றி வாங்க இன்னும் நேரம் இருக்கிறது.