எப்போதும் அசதி: வீடியோவில் தெரிந்த காரணம்

என் மகனுக்கு 7 வயசு. ராத்திரி 9 மணிக்கே படுத்தாலும் காலையில் பல் தேய்க்கும்போதே கண் சொருகும். வகுப்பில் தூக்கம், வீட்டில் சிடுசிடுப்பு. "வளர்ற புள்ளை, தூங்கட்டும் விடு" என்பார் மாமியார். முதலில் காட்டிய டாக்டர் வைட்டமின் சிரப் எழுதினார். பலன் இல்லை.

உதவியது செல்போன் வீடியோதான். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சு தெரிய எடுத்தேன். வாய் பிளந்தபடி குறட்டை. திடீரென்று சத்தம் நிற்கிறது, நெஞ்சு மட்டும் உள்ளே இழுக்கிறது, பிறகு ஒரு திணறலோடு மூச்சு வருகிறது. வேறொரு குழந்தைகள் டாக்டர் அதைப் பார்த்ததுமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது) பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறையலாம். தூக்கத்தில் கால் உதறும் பிள்ளைகளுக்கு ஃபெரிட்டின் 50 ng/mL-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தருவதுண்டு. இவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எக்ஸ்ரேயில் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கி மூக்கின் பின்வழியை அடைத்திருந்தது. அடுத்து, ராத்திரி முழுக்க ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் பரிசோதனை: தலையிலும் நெஞ்சிலும் ஒயர்கள், விரலில் ஆக்சிஜன் கிளிப். 'ரோபோ மாதிரி இருக்கேன்' என்று அவனுக்கு ஒரே குஷி. மணிக்கு 5 தடவைக்குள் மூச்சு தடைபட்டால் பெரியவர்களுக்குப் பரவாயில்லையாம். பிள்ளைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அடினாய்டையும் டான்சிலையும் எடுத்தார்கள். முதல் வாரம் தொண்டை வலியில் படாதபாடு, ஆறின கஞ்சிதான் இறங்கியது. இப்போது குறட்டை இல்லை, தானாகவே எழுந்திருக்கிறான். மூக்கு ஒவ்வாமைக்கான ஸ்பிரே மட்டும் தொடர்கிறது. குறட்டை திரும்பினால் மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.