வலைத்தள வடிவமைப்புக்கு மேசைக் கணினி வாங்கும்போது

வலைத்தள வடிவமைப்புக்குக் கணினி வாங்க முனைவோர் பலர் கிராபிக்ஸ் கார்டிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். முப்பரிமாணக் காட்சிகளோ காணொளித் தொகுப்போ இல்லாதவரை, செயலியோடு (பிராசசர்) சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் இப்பணிக்குப் போதும் என்பதால், அங்கே மிச்சமாகும் பணத்தைத் திரைக்கு ஒதுக்குவதே முறை.

பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாத ஐபிஎஸ் திரையைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தின் பொது வண்ண அளவுகோலான எஸ்ஆர்ஜிபியை ஏறத்தாழ முழுமையாகக் காட்டக்கூடியது என்று அதன் விவரக்குறிப்பு சொல்ல வேண்டும். 27 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சல் என்றால் எழுத்தின் விளிம்புகள் சற்றுப் பிசிறாகத் தெரியும். அந்த அளவுக்கு 2560×1440 பொருந்தும். கடை வெளிச்சத்தில் எல்லாத் திரைகளும் அழகாகத்தான் தோன்றும், ஆகவே கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மா, ஏராளமான டேப்களுடன் பிரவுசர், நிரல் எழுதும் எடிட்டர், சோதனை சர்வர் ஆகியவை ஒரே நேரத்தில் இயங்கும் என்பதால், 16 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை. 32 ஜிபி இருந்தால் நிம்மதி. தொடக்கத்தில் 16 ஜிபி மட்டும் வாங்குவோர், மதர்போர்டில் ரேம் சேர்க்க இடம் காலியாக உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயலிக்கு ஆறு கோர்கள் (தனித்தனியே இயங்கும் கணக்கீட்டுப் பகுதிகள்) போதும். சேமிப்புக்கு வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்குங்கள்.

ஐபோனில் வரும் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி, விண்டோஸுக்கு 2012-க்குப் பிறகு வெளிவரவில்லை. ஆகவே இன்றைய சஃபாரியில் தளம் எப்படித் தெரியும் என்பதை விண்டோஸ் கணினியில் நேரடியாகச் சோதிக்க இயலாது. உங்கள் வாடிக்கையாளர்களில் ஐபோன் பயன்படுத்துவோர் மிகுதி என்றால் ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினியையும் பரிசீலிக்கலாம். ஆனால் அதில் பின்னர் ரேம் கூட்ட இயலாததால், வாங்கும்போதே தேவையான அளவைத் தீர்மானித்துவிட வேண்டும்.