இரண்டு பழைய கணினிகளை நேரடியாக இணைக்க ஒரு கேபிள்

பழைய கணினிகள் இரண்டுக்கு இடையே கோப்புகளை மாற்ற நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர் எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டிலும் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கார்டு என்றால், பெரும்பாலும் கிராஸ்ஓவர் கேபிள்தான் (அனுப்பும் கம்பிகளும் பெறும் கம்பிகளும் இடம் மாறிய நெட்வொர்க் கேபிள்) வேண்டும். கேபிளின் இரு முனைகளையும் ஒரே பக்கமாகத் திருப்பி, சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் ஆரஞ்சு கம்பிகள் உள்ள இடத்தில் மற்றதில் பச்சை இருந்தால் அது கிராஸ்ஓவர். ஒரு கணினியிலாவது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கார்டு இருந்தால் பொதுவாகச் சாதாரண கேபிளே போதும்.

போர்ட்டில் விளக்கு எரிகிறதா? சரி, அப்புறம் ஒன்றுக்கு 192.168.0.1, மற்றதற்கு 192.168.0.2 என ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) கொடுங்கள். இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன என்று சொல்லும் எண்) 255.255.255.0. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) காலியாகவே இருக்கட்டும். விளக்கு எரிந்தும் பிங் (மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லையா? கேபிளைச் சந்தேகிக்கும் முன் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு மென்பொருளை) பாருங்கள். எனக்குப் பலமுறை அங்கேதான் சிக்கியிருக்கிறது.