சென்னைக்கு வருகிறீர்களா? கிழமையும் மணியும் பார்த்துக் கிளம்புங்கள்

வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று வார விடுப்பில் சென்னைக்கு வருகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். கல்யாணப் பட்டு, தங்கம், பாத்திரம், அப்பளம், நாட்டியம் பயிலும் மகளுக்குச் சலங்கை. நடுவே கபாலீசுவரர் கோயில், மெரினா, மாமல்லபுரம். எங்கே போவது என்று எல்லோரும் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது என்று விசாரிப்பவர்கள் குறைவு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, ஞாயிறு சாயங்காலம் அதே கடையில் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். கூட வந்த பெரியவர்களும் பிள்ளைகளும் சோர்ந்துபோனால் அடுத்த நாளும் போச்சு. அதனால் இந்த ஊரில் நேரத்தை முதலில் தீர்மானியுங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம்.

மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ஆடி மாதம் வாய்க்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. கடைகளில் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் இறக்குவார்கள். பருத்திச் சேலை, வேட்டி, பிள்ளைகளுக்குத் துணி, பாத்திரம் எல்லாம் தாராளமாக வாங்கலாம். கல்யாணப் பட்டுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடியை நம்பாதீர்கள், அதைத் தள்ளுபடிக்காக வாங்கினால் மனசுக்குப் பிடித்தது கிடைப்பது அரிது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தி.நகர்ப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மே மாதம் கத்திரி வெயில். என்னைக் கேட்டால் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரைதான் நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், சபாக்களில் கச்சேரி நடக்கும், புத்தகக் காட்சியும் அந்தச் சமயத்தில்தான் வரும். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பட்டுக் கடையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். பொங்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் தப்பித்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய முதல் இரண்டு நாளில் முடிக்க வேண்டியவை உண்டு. உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள், ஓடிபி இல்லாமல் இங்கே ஆட்டோகூடப் பதிவு செய்ய முடியாது. பூக்காரம்மா வரைக்கும் எல்லோரும் ஜிபே செயலியில் பணம் வாங்குகிறார்கள். வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பல நாடுகளின் கைபேசி எண்ணிலேயே ஜிபே போன்ற செயலிகளுக்கு வேண்டிய யுபிஐயை இணைத்துக்கொள்ளலாம், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள். அது இல்லாதவர்கள் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது பிளவுஸ். சேலை வாங்கினால் போதாது. ஃபால்ஸ் அடிக்க வேண்டும், முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும், பிளவுஸ் தைக்க வேண்டும். ஆரி எம்பிராய்டரி வேலைப்பாடு என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே பட்டுக் கடைக்கு முதல் வாரமே போய்விடுங்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பிளவுஸை வாங்கிக்கொள்வதாக வைக்காதீர்கள், அளவு சரியில்லாவிட்டால் பிரித்துத் தைக்க இரண்டு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

தி.நகருக்கு வாடகைக் காரில் போவதைவிட மின்சார ரயிலில் மாம்பலம் போய் இறங்குவது மேல். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம், தாம்பரம், எழும்பூர், கடற்கரை எல்லாம் ஒரே தடம்தான். அலுவலக நேரம் கழிந்து பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமல் மேலேயே நடந்து உஸ்மான் சாலைப் பக்கம் போய்விடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

ரங்கநாதன் தெருவைப் பார்க்காமல் போக மனசு வராது, சரி, காலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பல மாடிக் கடைகளில் ஏறும்போது படிக்கட்டும் அவசர வாசலும் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2017 மே கடைசியில் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கடை திறக்கும் முன் பிடித்ததால் உயிர்கள் தப்பின. பாண்டி பஜார் இப்போது அகலமான நடைபாதையோடு இருக்கிறது, சாயங்காலம் பிள்ளைகளோடு நடக்க அதுதான் தோது.

இனி பட்டு. கடைக்குள் நுழைந்ததும் "என்ன விலைக்குள்ளே பார்க்கறீங்க அக்கா?" என்று கேட்பார்கள். மனதில் வைத்திருப்பதில் முக்கால்வாசியைச் சொல்லுங்கள், எப்படியும் அதற்கு மேல்தான் காட்டுவார்கள். நாலைந்து சேலைகளை ஒதுக்கி வைத்த பிறகு ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி ஊடையோடு, அதாவது குறுக்கு இழையோடு, நெய்து பிணைக்கப்பட்டிருக்கும். சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் லேசான மேடு தட்டுப்படும், பின்பக்கம் ஊடை இழைகள் பிணைந்து திரும்பியிருப்பதும் தெரியும். பேட்னி என்று சொல்லும், முந்தானை உடலோடு சேரும் கோட்டிலும் லேசான மேடு தட்டுப்படும். கரையும் உடலும் கொஞ்சமும் மேடில்லாமல் வழுவழுவென்று ஓடினால் அது கோர்வை இல்லை. நல்ல சேலையாகவே இருக்கலாம், ஆனால் கோர்வை விலை கொடுக்க வேண்டியதில்லை. ஜரிகையையும் கேளுங்கள். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை ஓடும், அதன்மேல் தங்க முலாம். உள்பக்கம் தொங்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டச் சொன்னால் சிவப்பு நூல் எட்டிப் பார்க்க வேண்டும். நாணயமான கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்து காட்டுவார். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு அல்ல. அதனால் ஜரிகை அசலா, பாதி அசலா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடைசியாக, சேலையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். காலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மின்விளக்கில் தெரிந்த மாம்பழ மஞ்சள் வெளியே வந்தால் வேறு மஞ்சளாக இருக்கும்.

தங்கத்துக்கும் அதே பொறுமை தேவை. சவரன் என்றால் 8 கிராம். அன்றைய விலை கடையிலேயே பலகையில் இருக்கும், ஊருக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் சேதாரத்திலும் செய்கூலியிலும் வருகிறது. 10 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் நீங்கள் 11.2 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆகவே பேரம் பேச வேண்டியது சேதாரத்தில்தான், தயங்காமல் கேளுங்கள், குறைப்பார்கள். கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி அடையாளம் கட்டாயம். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தக் காரட், எங்கே சோதித்தது என்று தெரியும், கடையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுங்கள். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டார்கள். பான் அட்டையும் கேட்பார்கள்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே 230 வோல்ட். கிரைண்டர், மிக்சி வாங்கும்போது 110 வோல்ட் மாடல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெளிநாட்டுக்காரர்களுக்காகவே வைத்திருக்கும் கடைகள் உண்டு.

பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுத் தமிழர்கள் அதிகம் போவதில்லை, எனக்கு அது வருத்தம். பழைய மதராஸ் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் இடம் அது. மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்திலோ மண்ணடியிலோ இறங்கினால் போதும். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் மொத்தத் துணி, சௌகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் வளையல், கவரிங், வடநாட்டு இனிப்பு. வரவேற்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஐம்பது, நூறு எண்ணிக்கையில் எதையாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் தி.நகரை மறந்துவிட்டு இங்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருக்கும். வார நாளில் பதினொரு மணிக்குள் வந்தால் சுமை வண்டிகள் தெருவை அடைக்கும் முன் வேலை முடியும். நடந்து போகிற வழியிலேயே அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே உள்ளே நுழைந்தால் மரநிழலும் கல்லறைக் கற்களும்தான். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளையும் பார்த்துவிட்டு மதிய வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம்.

மயிலாப்பூருக்கு விடியற்காலை. ஆறு மணிக்கெல்லாம் போனால் கோயிலில் நின்று கும்பிடலாம். பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், வெளியூர்க்காரர்கள் பலர் அந்த இடைவெளியில் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மெஸ்ஸில் இட்லியும் காப்பியும் முடித்து மாட வீதிகளைச் சுற்றினால் கடைகள் திறக்க ஆரம்பித்திருக்கும். நாட்டிய நகை, சலங்கை, பூஜைச் சாமான், பித்தளை விளக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அரங்கேற்றத்துக்கு நாட்டிய உடை தைப்பதென்றால் அளவை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததும் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள் இறங்கும். விமானத்தில் கொண்டுபோகக் களிமண்ணைவிடக் காகிதக்கூழ் பொம்மைதான் சரி. பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தின்போது கடைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு உற்சவம் பார்க்க மட்டும் போங்கள். மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன, பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடப்பது சுலபம்.

ஒரே ஒரு அருங்காட்சியகம் பார்க்க நேரம் இருந்தால் அது எழும்பூர்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கே இருக்கிறார். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. ஆண் தோள் விரிந்து, பெண் இடை ஒசிந்து, இரண்டும் ஒரே உடம்பில் கோடு தெரியாமல் சேர்ந்திருக்கும். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி எங்கே மாறுகிறது என்று தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் அசைய மாட்டார்கள். வெளியே வந்தால் அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு. கண்டாங்கி, சுங்குடி, போர்வை, துண்டு என்று அன்பளிப்புக்கு வாங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கொடுக்கிற பணம் நெசவாளர் சங்கங்களுக்குப் போகிறது.

மாமல்லபுரத்துக்கு ஞாயிறு தவிர்த்து, இருட்டோடு கிளம்புங்கள். வெயில் ஏறும் முன் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கையில் இருந்தால் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே உங்களுக்கும். அட்டையை ஓட்டலில் விட்டுவந்தால் பல மடங்கு கொடுக்க நேரும்.

பெட்டி கட்டும்போது சில விஷயங்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தீப்பற்றும் பொருள் கணக்கில் வருகிறது. கசகசாவைச் சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் கொண்டுபோகவே கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் பிடுங்கிவிடுவார்கள். பிரிட்டனுக்குப் பால் பொருட்கள் கூடாது என்பதால் பால்கோவாவை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போகிறவர்கள் உணவு, மரச்சாமான், மிருதங்கம் போன்ற தோல் கருவி எதையும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். நகை, பட்டு பில்களைக் கைப்பையில் வையுங்கள். வரியில்லாமல் கொண்டுபோகும் வரம்பு பிரிட்டனுக்கு 390 பவுண்டு, கனடாவுக்கு 800 கனடிய டாலர், ஆஸ்திரேலியாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர். ஒரே ஒரு கல்யாணப் பட்டு அதைத் தாண்டிவிடும்.

சிலை வாங்குகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகத் தடை. புதுச் சிலையே ஆனாலும், பழமை தோன்றும்படி செய்த வெண்கலத்தை விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அண்ணா சாலையில் இருக்கும் அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் போன்ற இடத்தில் பில்லோடு வாங்குங்கள், பெரிய சிலை என்றால் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழும் பெற்றுவிடுங்கள். அதற்குச் சில நாள் ஆகலாம் என்பதால் சிலையையும் பட்டைப் போலவே முதல் வாரத்தில் வாங்கிவிடுவது நல்லது.