கரையில் கிடக்கும் ஓடெல்லாம் தொல்லாமை ஓடல்ல

மண்டபம், தனுஷ்கோடி, ஏர்வாடிக் கரைகளில் ஆமையோட்டுத் துண்டு கிடைத்தால் ‘புதைபடிவம்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த கூர்மடெமிஸ் என்ற தொல்லாமையோடு அதை முடிச்சுப் போடுவதுதான் முதல் தவறு. 2001இல் பெயரிடப்பட்ட அந்த நன்னீர் ஆமை, டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் ஆற்றுப் படிவில் புதைந்தது. இராமேசுவரத்துப் பவளப்பாறை அதற்குப் பல கோடி ஆண்டு இளையது. அதற்குள் அந்த ஆமை இருக்க வழியில்லை.

நிறத்தை நம்பாதீர்கள். சேற்றில் கிடந்த எலும்பு சில ஆண்டுகளிலேயே கறுத்துவிடும். நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் வீண். நுண்துளை உள்ள பழைய எலும்பு எதுவும் ஒட்டும்.

படிக்க வேண்டியவை கோடுகள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பல்பல்லாகக் கோத்த கோடு, இரண்டு எலும்பு சேரும் பொருத்து. வழவழப்பான ஆழமில்லாத வாய்க்கால் போன்றது, மேலிருந்த செதிலின் விளிம்புத் தடம். செதில் மட்கினாலும் தடம் நிற்கும். இரண்டையும் குழப்பினால் எலும்புகளின் எண்ணிக்கையே தவறும். செதில் தடமே இல்லாமல், மேற்பரப்பு முழுக்கக் குழிகுழியாக இருந்தால் கண்மாய்ப் பாலாமையாக (ஓட்டின் மேல் செதிலுக்குப் பதில் தோல் மூடிய நன்னீர் ஆமை) இருக்கலாம். பரப்பு வழவழவென்று இருந்து, தட்டுக்கு வெளியே விலா நுனி நீண்டு நின்றால் இளம் கடலாமையை நினையுங்கள்.

பலரும் ஓட்டின் வெளிப்புறத்தை மட்டும் படமெடுக்கிறார்கள். கூர்மடெமிஸ் கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் இடுப்பெலும்பு ஓட்டோடு இணைந்திருக்கும். எனவே ஓட்டின் பின்பகுதியில், உட்புறத்தில் சொரசொரப்பான தழும்பு தெரியும். கடலாமைக்கும் பாலாமைக்கும் அது கிடையாது. ஆனால் உடைந்த முனையைத் தழும்பு என்று எண்ணிவிடக் கூடாது. தழும்புக்குத் தெளிவான எல்லை உண்டு. தழும்பு இருந்தாலும் இனப்பெயர் சொல்ல அது போதாது. கூர்மடெமிஸுக்குப் பெயர் வைத்ததே மண்டையோட்டைக் கொண்டுதான்.

ஒட்டிய சுண்ணாம்பை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் கரைக்காதீர்கள். எலும்பும் சேர்ந்து அரிக்கும், தடங்கள் அழியும். வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். கடலாமையும் பாலாமையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஓட்டை வைத்திருப்பதும் குற்றம். கிடந்த இடத்திலேயே அளவுகோலை அருகில் வைத்து, மேற்புறம், உட்புறம், விளிம்பு மூன்றையும் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.