டேலி 90 சதவீதம் தெரியுமாம்: கணக்கு வேலைக்கு ரெஸ்யூம் எழுதுகிறவர்களுக்கு

என் மனைவியின் அக்கா மகள் குடியாத்தத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கையில் மூன்று பக்க ரெஸ்யூம். "சித்தப்பா, இருபது கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், ஒரு போன்கூட வரவில்லை" என்றாள். பி.காம். முடித்துவிட்டு வேலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். வேலை தெரியாத பெண் அல்ல. ரெஸ்யூமைத் திருப்பினேன். வலது ஓரத்தில் நீலப் பட்டைகள்: கணக்கு மென்பொருளான டேலி 90 சதவீதம், எக்செல் 85 சதவீதம், ஜிஎஸ்டி 80 சதவீதம்.

"டேலியில் உனக்குத் தெரியாத அந்தப் பத்து சதவீதம் எதும்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். நேர்காணலில் கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

நான் ராணிப்பேட்டையில் தோல் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போதெல்லாம் ரெஸ்யூம்கள் என் மேசைக்குத்தான் வரும். ஒரு முறை வந்த நாற்பதில் பதினொன்றின் தொடக்கத்தில் 'குறிக்கோள்' என்று ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. ஏதோ ஒரு டிடிபி கடையின் கணினியிலிருந்து எல்லாரும் எடுத்திருக்கிறார்கள். ஆகவே முதல் வேலை, அந்தக் 'குறிக்கோள்' பத்தியை அடித்துவிடுங்கள். உங்களுக்கு வேலை வேண்டும் என்பது விண்ணப்பித்ததிலேயே தெரிந்துவிட்டது. 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றுபவர்' ஆகியவையும் போகட்டும். தந்தை பெயர், மதம், சாதி, திருமணமானவரா என்பதெல்லாம் பயோடேட்டா காலத்து வழக்கம், அவையும் வேண்டாம். இவ்வளவையும் எடுத்தாலே மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிடும்.

மீதி இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் விஷயம். ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். வரிகளின் சாரத்தை நான் தமிழில் சொல்கிறேன்.

அந்தப் பெண் எழுதியிருந்தது இது: 'ஜிஎஸ்டி மற்றும் டேலி பணிகளைக் கவனித்தேன்.' இரண்டு வருட உழைப்புக்கு ஒரு வரி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். எத்தனை வாடிக்கையாளர்கள் உன் கையில்? பதினான்கு. என்ன தொழில்? ஜவுளிக்கடை, அரிசி மண்டி, இரண்டு தோல் பதனிடும் நிறுவனங்கள். மாதம் எத்தனை கொள்முதல் பில்? யோசித்து, எல்லாம் சேர்த்து அறுநூறு இருக்கும் என்றாள். எந்தத் தேதிக்குள் முடிப்பாய்? இதற்கு யோசிக்கவே இல்லை: "7-க்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி." டிடிஎஸ் என்பது பிடித்தம் செய்த வருமான வரி, ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரப் படிவம், 3பி மாத வரிச் சுருக்கப் படிவம். தேதிகளை இப்படித் தூக்கத்திலும் சொல்கிற ஒருத்தி, அவற்றில் ஒன்றைக்கூட ரெஸ்யூமில் எழுதவில்லை.

கடைசியாக, "ஏதாவது தப்பு கண்டுபிடித்தாயா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு வேலையில் இதைவிட எடை கூடிய வரி வேறு கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒரு சப்ளையரின் பில்கள் மட்டும் 2பி-யில் இல்லை. பில் இருக்கிறது, சரக்கு வந்திருக்கிறது, பணமும் போய்விட்டது. போன் செய்து விசாரித்தால், அவர்கள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும்போது வேறு யாருடைய ஜிஎஸ்டி எண்ணையோ போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் திருத்த வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் கட்டியதால் கழித்துக்கொள்ளக்கூடிய வரி, 1,86,000 ரூபாய் வந்து சேர்ந்தது. நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30 தாண்டியிருந்தால் அந்தப் பணம் போனதுதான்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"இது தினமும் செய்கிற வேலைதானே, சித்தப்பா."

தினமும் செய்கிற வேலைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய வரி இது: '14 வாடிக்கையாளர்களின் மாதம் சுமார் 600 கொள்முதல் பில்களை 2பி-யுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், சப்ளையர் தவறான ஜிஎஸ்டி எண்ணில் பதிந்ததால் விடுபட்ட ரூ.1.86 லட்சம் உள்ளீட்டு வரியைக் கண்டறிந்து, திருத்தம் செய்ய வைத்தேன்.' இதைப் படிக்கிறவருக்கு இவளுக்கு டேலி எத்தனை சதவீதம் தெரியும் என்ற கேள்வியே எழாது.

ஒரு சொல்லில் மட்டும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. ஜிஎஸ்டி படிவங்களைத் 'தாக்கல் செய்தேன்' என்று போடலாம் என்றாள். தயாரித்தது அவள், சரிபார்த்துத் தாக்கல் செய்தது ஆடிட்டர். 'தயாரித்தேன்' என்றே போட்டோம். பதிந்தேன், தயாரித்தேன், சரிபார்த்தேன், தாக்கல் செய்தேன் ஆகியவை நான்கு வேறு வேலைகள். எதைச் செய்தீர்களோ அதற்குரிய சொல்லைப் போடுங்கள். ஒரு படி ஏற்றிப் போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே இறங்க வேண்டியிருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இளம் வயதில் ஒரு நிறுவனத்தில் ஏற்றுமதி இன்வாய்ஸ் தட்டச்சு செய்ததை வைத்து, 'ஏற்றுமதி நிதியில் அனுபவம்' என்று எழுதிக்கொண்டு ஆம்பூருக்கு நேர்காணலுக்குப் போனேன். எதிரே இருந்த பெரியவர், "பேக்கிங் கிரெடிட்டை எதிலிருந்து அடைப்பீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். சரக்கை அனுப்புவதற்கு முன் வங்கி தருகிற அந்தக் கடனை, ஏற்றுமதி பில்லை வங்கி வாங்கும்போது வருகிற பணத்திலிருந்து அடைப்போம் என்று இன்று தூக்கத்தில் சொல்வேன். அன்று தண்ணீர் குடித்தேன். பத்து நிமிடத்தில் பஸ் நிலையத்தில் இருந்தேன்.

இன்னொன்று, ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளரின் பெயரையும் விற்றுமுதலையும் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு பையன் தன் ஆறு வாடிக்கையாளர்களின் பெயர், விற்றுமுதல், வரிப் பாக்கி எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அனுப்பியிருந்தான். திறமையான பையன். ஆனால் நாளைக்கு எங்கள் கணக்கும் இப்படித்தானே வேறொருவர் மேசைக்குப் போகும்? 'ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் நடுத்தர நிறுவனம் ஒன்று' என்றால் போதும்.

அடுத்து, எண்கள். கணக்கு வேலைக்கு வருகிறவரின் ரெஸ்யூமை நான் படிப்பதற்கு முன்பே கூட்டிப் பார்ப்பேன். 2021 ஜூன் முதல் 2023 ஜூலை வரை என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் 'இரண்டே முக்கால் ஆண்டு அனுபவம்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஒருவரின் ரெஸ்யூமில் மதிப்பெண் 78.4, சான்றிதழில் 74.8. பொய் சொல்லவில்லை, இலக்கம் இடம் மாறிவிட்டது. வித்தியாசம் 3.6, 36 ஒன்பதால் வகுபடுகிறது. பேரேட்டில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார் என்பது நாங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் கற்ற பாடம். அதைச் சொந்த ரெஸ்யூமில் விட்டவரிடம் பேரேட்டை எப்படிக் கொடுப்பது? கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம் மட்டும் போட்டவரும் உண்டு. அவரைக் கூப்பிடவும் வழியில்லை.

சி.ஏ. எழுதிக்கொண்டிருப்பவர்கள் வெறுமனே 'சி.ஏ. இன்டர்' என்று போடுகிறார்கள். தேர்ச்சியா, பதிவு மட்டுமா? 'முதல் குரூப் தேர்ச்சி, இரண்டாவது எழுத இருக்கிறேன்' என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. இடையில் வேலை இல்லாத காலம் இருந்தால் ஒரு வரி: 'தாயாரின் சிகிச்சைக்காக எட்டு மாதம்.' சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊரில் இதை யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

புதிதாகப் படித்து முடித்தவர்கள், 'எங்களிடம் எழுத என்ன இருக்கிறது' என்கிறார்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் அப்பாவுக்கு வெங்காய வியாபாரம் உள்ள ஒரு பையனை எடுத்தோம். ரெஸ்யூமில் அந்தக் கடை இல்லை. பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று இருந்தது. பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது. கடனுக்கு எடுக்கும் சில்லறை வியாபாரிகள் அறுபது பேரின் பாக்கியை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றி, 15 நாள், 30 நாள், அதற்கு மேல் என்று பிரித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அப்பா அந்தத் தாளைப் பார்த்துத்தான் கிளம்புவாராம். அலுவலக மொழியில் இதற்கு வரவேண்டிய கடன்களின் வயதுப் பகுப்பாய்வு என்று பெயர். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆள் வைக்கிறார்கள். அப்பா கடை என்று வெட்கப்படாமல் அதை முதல் வரியாகப் போடுங்கள்.

எந்த வேலைக்கு அனுப்புகிறீர்களோ அதற்கேற்ப வரிகளின் வரிசையை மாற்ற வேண்டும். எங்களைப் போன்ற ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஷிப்பிங் பில், டிராபேக் (சுங்க வரியைத் திரும்பப் பெறுவது), ஜிஎஸ்டி ரீஃபண்ட், ஜாப் ஒர்க் சலான் ஆகியவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் மேலே வரட்டும். நகைக்கடன் நிறுவனக் கிளை என்றால் அன்றாட ரொக்கம் கையாண்டது, மாலையில் ரொக்கத்தைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தது, வாடிக்கையாளரின் அடையாளத்துக்கான கேஒய்சி ஆவணங்கள் பார்த்தது. மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை என்றால் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம்-இன் தேர்வுச் சான்றிதழ் தலைப்பிலேயே இருக்கலாம். பொதுத்துறை வங்கி கிளார்க் வேலைக்கு ரெஸ்யூமை அழகுபடுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்; அது ஐபிபிஎஸ் போன்ற போட்டித் தேர்வு எழுதிப் போகும் வழி.

சென்னைப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும்போது பல இடங்களில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த வடிவம், படங்கள், பட்டைகள் எல்லாம் அதைக் குழப்பும். மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக எழுதுங்கள். வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களில் உங்களுக்குப் பொருந்துவதை அப்படியே பயன்படுத்துங்கள். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருள் தெரியும் என்று போட்டால், சப்ளையர் பில்லை எந்தக் குறியீட்டில் பதிவீர்கள் என்று கேட்பார்கள். எஃப்பி60 என்று வாயில் வர வேண்டும். வராவிட்டால் எஸ்ஏபி-யை எடுத்துவிடுங்கள். எக்செல்லும் அப்படித்தான்: 'பிவட் போட்டுச் செலவு மையவாரியாக மாத அறிக்கை தயாரித்தேன்' என்றால் நம்புவேன். 'எக்செல்லில் நிபுணர்' என்றால் நம்பமாட்டேன்.

கோப்பை பிடிஎஃப் ஆக, உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வைத்துச் சேமியுங்கள். 'ஃபைனல் நியூ 2' என்ற பெயரில் எனக்கு வராத மாதமில்லை. கல்லூரி நாளில் விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய ரெஸ்யூம் ஒரே பக்கத்தில் முடிந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். இரவு பத்து மணிக்கு, "சித்தப்பா, நாளைக் காலையில் அனுப்பிவிடப் போகிறேன், ஒரு முறை பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழிக்குக் கீழே, இடம்: வேலூர். நாள்: போன வருடத் தேதி.